பத்துமலைப் படிகளில் எரிந்த கலோரி எங்கே போனது?

பத்துமலையின் 272 படிகளையும் ஏறி முடித்ததும், மூச்சு வாங்க நின்று கைக்கடிகாரத்தைப் பார்க்கிறவர்கள் இப்போது நிறைய. மணி பார்க்க அல்ல, எத்தனை கலோரி எரிந்தது என்று பார்க்க. கடிகாரமும் ஓர் எண்ணைக் காட்டுகிறது. எரிந்தது என்றால் எது எரிந்தது? எங்கே எரிந்தது? எரிந்தபின் மிஞ்சியது எங்கே?

இந்தக் கேள்விக்குப் பொதுவாக மூன்று பதில்கள் கிடைக்கும். "வியர்வையாக வெளியே போய்விட்டது." "கொழுப்பு சக்தியாக மாறிவிட்டது." "கொழுப்பு தசையாக மாறிவிட்டது." முதலும் மூன்றும் தவறு. இரண்டாவதில் பாதி உண்மை இருக்கிறது, ஆனால் அந்தப் பாதிதான் ஆளை அதிகம் குழப்புகிறது. காரணம், 'கலோரி எரிந்தது' என்ற ஒரே வாக்கியத்துக்குள் இரண்டு தனித்தனிக் கணக்குகள் கலந்து கிடக்கின்றன. ஒன்று ஆற்றலின் கணக்கு, மற்றது பொருளின் கணக்கு. இரண்டுக்கும் வரவு ஒரே இடத்திலிருந்துதான், நாம் சாப்பிட்ட உணவிலிருந்து. ஆனால் உடலை விட்டு வெளியேறும் வழி வேறு வேறு. ஆற்றல் வெப்பமாகத் தோல் வழியே போகிறது. பொருள் பெரும்பாலும் மூச்சு வழியே போகிறது. இந்த இரண்டையும் பிரித்து வைத்துக்கொண்டால், உடற்பயிற்சி பற்றிய பாதிக் குழப்பம் தானே தீரும்.

கலோரி ஒரு பொருள் அல்ல

பூக்கடையில் மல்லிகையை முழம் போட்டு வாங்குகிறோம். பூ வாடி உதிர்ந்தபின் "அந்த இரண்டு முழம் எங்கே போனது?" என்று யாரும் கேட்பதில்லை. உதிர்ந்தது பூ, முழம் வெறும் அளவு. கலோரியும் அப்படி ஓர் அளவுதான். உணவுக்குள் கலோரி என்று ஒரு துகள் கிடையாது. மாவுச்சத்து இருக்கிறது, கொழுப்பு இருக்கிறது, புரதம் இருக்கிறது. அவற்றிலிருந்து எவ்வளவு ஆற்றல் கிடைக்கும் என்று சொல்லும் எண் கலோரி.

ஒரு கிராம் நீரை ஒரு டிகிரி செல்சியஸ் சூடாக்கத் தேவையான வெப்பம் ஒரு கலோரி. உணவைப் பற்றிப் பேசும்போது நாம் சொல்லும் கலோரி இதைப்போல் ஆயிரம் மடங்கு. அதன் சரியான பெயர் கிலோகலோரி, அதாவது ஒரு லிட்டர் நீரை ஒரு டிகிரி சூடாக்கும் வெப்பம். இந்தக் கட்டுரையிலும் வழக்கப்படி அதையே கலோரி என்று சொல்கிறோம்.

மலேசியாவில் விற்கும் பிஸ்கட் பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள். சத்து அட்டவணையில் 'தெனாகா' (ஆற்றல்) என்ற வரியில் கிலோகலோரி, கிலோஜூல் இரண்டும் இருக்கும். ஒரு கிலோகலோரி 4.184 கிலோஜூல். மின்சாரம் தரும் நிறுவனத்தின் பெயரில் இருப்பதும் இதே தெனாகா என்ற மலாய்ச் சொல்தான். பொருத்தமான சொல் அது. விளக்கில் எரியும் ஆற்றலும் பிஸ்கட்டில் உள்ள ஆற்றலும் ஒரே கோலால் அளக்கக்கூடியவை. ஒரு நாளைக்கு 2,000 கலோரி செலவிடும் உடலை மின்சாரக் கணக்கில் சொன்னால் சராசரியாக 97 வாட். பழைய 100 வாட் பல்பு ஒன்று இரவும் பகலும் அணையாமல் எரிவது போல.

பொட்டலத்தில் அச்சாகும் எண்ணுக்கு அடிப்படை போட்டவர் அமெரிக்க வேதியியலாளர் வில்பர் அட்வாட்டர். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில், ஆட்களை மூடிய அறைக்குள் தங்கவைத்து, அவர்கள் தின்றது, வெளிவிட்டது, அவர்கள் உடலிலிருந்து வந்த வெப்பம் எல்லாவற்றையும் அளந்தார். மாவுச்சத்துக்கு கிராமுக்கு 4 கலோரி, புரதத்துக்கு 4, கொழுப்புக்கு 9 என்று இன்றும் நாம் போடும் கணக்கு அவர் வேலையிலிருந்து வந்தது. உடலுக்குள் போகும் ஆற்றலும் வெளியே வரும் ஆற்றலும் சமமாக இருப்பதை அவர் அறை காட்டியது. எங்கும் எதுவும் மாயமாக மறைவதில்லை.

'எரிதல்' என்பது உவமை அல்ல

தீ இல்லை, புகை இல்லை. அப்புறம் ஏன் எரிதல் என்கிறோம்? இந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு பரிசோதனை இருக்கிறது. 1780களின் தொடக்கத்தில் பிரான்சில் லவாய்சியேவும் லாப்லாசும் ஒரு கினிப் பன்றியைப் பனிக்கட்டி சூழ்ந்த பாத்திரத்துக்குள் வைத்தார்கள். அதன் உடல் வெப்பத்தில் எவ்வளவு பனி உருகியது என்று அளந்தார்கள். அது வெளிவிட்ட காற்றையும் அளந்தார்கள். அதே அளவு காற்றை வெளிவிடும்படி கரித்துண்டை எரித்தால் எவ்வளவு பனி உருகும் என்றும் பார்த்தார்கள். இரண்டு அளவும் நெருங்கி வந்தன. சுவாசிப்பது என்பது மெதுவாக எரிவதே என்ற முடிவுக்கு வந்தார்கள்.

நம் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் ஆக்சிஜனை உயிர்வளி என்றும், கார்பன் டை ஆக்சைடைக் கரிவளி என்றும் படிக்கிறார்கள். இந்த விஷயத்தை விளக்க இதைவிட நல்ல பெயர்கள் கிடைக்காது. கரி எரிந்து காற்றோடு கலந்தால் கரிவளி. அடுப்பிலும் அதுதான், உடலிலும் அதுதான். வித்தியாசம் ஒன்றே: அடுப்பு ஒரே மூச்சில் எரிக்கிறது, உடல் அதே வேலையை 37 டிகிரியில், பல சின்னச் சின்னப் படிகளாகப் பிரித்துச் செய்கிறது.

கொழுப்பறையிலிருந்து தசை வரை

வயிற்றில் சேர்ந்த கொழுப்பு, படியேறும் தொடைத் தசைக்குப் போய்ச் சேரும் பாதை இது.

1. உடல் அசையத் தொடங்கியதும் அட்ரினலின் கூடுகிறது, இன்சுலின் குறைகிறது. 'சேமித்ததை எடு' என்று கொழுப்பறைகளுக்கு, அதாவது கொழுப்பைச் சேமிக்கும் உயிரணுக்களுக்கு, போகும் கட்டளை அது. சேமிப்பில் உள்ள கொழுப்பு மூலக்கூறு உடைந்து மூன்று கொழுப்பு அமிலங்களும் ஒரு கிளிசராலும் ஆகிறது.

2. கொழுப்பு தண்ணீரில் கரையாது. அதனால் அந்த அமிலங்கள் இரத்தத்தில் உள்ள அல்புமின் என்ற புரதத்தின் முதுகில் ஏறிப் பயணம் செய்கின்றன.

3. தசை அறைக்குள் மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணிய அடுப்புகள் ஆயிரக்கணக்கில் உண்டு. அங்கே கொழுப்பு அமிலத்தின் நீண்ட சங்கிலி இரண்டிரண்டு கரி அணுக்களாக நறுக்கப்படுகிறது.

4. நறுக்கிய துண்டிலிருந்து கரி கரிவளியாகப் பிரிகிறது. ஹைட்ரஜன் தனியே உருவப்பட்டு, கடைசியில் நாம் உள்ளிழுத்த உயிர்வளியோடு சேர்ந்து தண்ணீராகிறது. மூச்சு நின்றால் சில நிமிடங்களில் உயிர் போவதற்குக் காரணம் இந்தக் கடைசிப் படிதான். ஹைட்ரஜனை வாங்கிக்கொள்ள ஆள் இல்லாவிட்டால் முன்னால் உள்ள வரிசை முழுதும் நின்றுவிடும்.

5. இந்த வரிசையில் விடுபடும் ஆற்றலில் ஒரு பகுதி ஏ.டி.பி. என்ற சிறிய மூலக்கூறில் ஏற்றி வைக்கப்படுகிறது. மிச்சம் அங்கேயே வெப்பமாகிவிடுகிறது.

இந்த ஏ.டி.பி.யைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கொழுப்பு என்பது ஊழியர் சேமநிதி மாதிரி. நிறைய இருக்கும், ஆனால் மாமாக் கடையில் தே தாரேக்குக்கு அதை நீட்ட முடியாது. கடைக்காரர் வாங்குவது கையிலுள்ள சில்லறையை. தசை வாங்கிக்கொள்ளும் சில்லறை ஏ.டி.பி. மட்டும். எந்த நேரத்திலும் உடலில் இருக்கும் ஏ.டி.பி. மொத்தமே 100 கிராமை ஒட்டித்தான் இருக்கும். ஓட்டத்தில் அது சில நொடிக்குக்கூடப் போதாது. அதனால் உடைந்ததும் உடனே மறுபடி கட்டப்படுகிறது. ஒரு நாளில் இப்படி உடைந்து கட்டப்படுவதையெல்லாம் கூட்டினால் கிட்டத்தட்ட நம் உடல் எடை அளவுக்கு வரும்.

கொழுப்பு மட்டும்தான் எரிகிறது என்று எண்ண வேண்டாம். மாவுச்சத்தின் சேமிப்பும் உண்டு, அதன் பெயர் கிளைக்கோஜன். ஈரலில் சுமார் 100 கிராம், தசைகளில் சுமார் 400 கிராம். மெதுவாக நடக்கும்போது கொழுப்பின் பங்கு அதிகம். மூச்சு இரைக்கப் படியேறும்போது கிளைக்கோஜனின் பங்கு அதிகம்.

முதல் கணக்கு: ஆற்றல்

இப்போது பத்துமலைக்கே போவோம். ஒரு படியின் உயரம் சராசரியாக 17 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஓரிரு சென்டிமீட்டர் முன்பின் இருந்தாலும் விளக்கம் மாறாது. 272 படிகள் என்றால் ஏறும் உயரம் சுமார் 46 மீட்டர். 70 கிலோ எடையுள்ள ஒருவர் தன் உடலை 46 மீட்டர் மேலே தூக்க வேண்டிய ஆற்றல், பள்ளி இயற்பியல் கணக்குப்படி ஏறக்குறைய 31,700 ஜூல். கலோரியில் சொன்னால் வெறும் 7.6.

தசை அத்தனை சிக்கனமான இயந்திரம் அல்ல. செலவிடும் ஆற்றலில் 20 முதல் 25 விழுக்காடுதான் வேலையாக மாறும், மிச்சம் வெப்பம். ஆக 7.6 கலோரி வேலைக்கு உடல் செலவிடுவது 30 முதல் 38 கலோரி. முப்பது என்றே வைத்துக்கொள்வோம். பத்துமலையை ஒருமுறை ஏறினால் 30 கலோரி. ஒன்றரைத் தேக்கரண்டி சர்க்கரை.

பலருக்கு இது ஏமாற்றமாக இருக்கும். நெஞ்சு அடிக்க, கால் நடுங்க ஏறியதற்கு இவ்வளவுதானா? ஆம். களைப்பு என்பது எவ்வளவு வேகமாகச் செலவிடுகிறோம் என்பதைக் காட்டுகிறது, எவ்வளவு செலவிட்டோம் என்பதை அல்ல. மூன்று நான்கு நிமிடத்தில் 30 கலோரி செலவிடுவது உடலுக்குப் பெரிய வேகம், ஆனால் தொகை சின்னது. தைப்பூசத்தன்று 20 கிலோ காவடியைத் தூக்கி ஏறினால் இதே கணக்கு 39 ஆகும். நேர்த்திக்கடனை இந்த எண்ணால் அளக்க யாரும் நினைக்கப் போவதில்லை. பளு கூடினால் செலவு எப்படிக் கூடும் என்று காட்டத்தான் இதைச் சொல்கிறோம். பினாங்குத் தண்ணீர்மலைக் கோயிலின் 513 படிகளுக்கு, அதே 17 சென்டிமீட்டர் கணக்கில், 57 கலோரி.

சரி, அந்த 30 கலோரி எங்கே?

ஏறும்போதே 22 கலோரிக்கு மேல் தசைகளில் வெப்பமாகிவிட்டது. மீதி 7.6 கலோரி மட்டும் வேறு வடிவத்தில் இருக்கிறது. மேலே நிற்கிற உடலின் உயரத்தில் அது அடங்கியிருக்கிறது, உயரத் தொட்டியில் ஏற்றிய தண்ணீரின் ஆற்றல் போல. சாமி கும்பிட்டுவிட்டுக் கீழே இறங்கும்போது அதுவும் கழிகிறது. ஒவ்வொரு படியிலும் உடல் விழாதபடி தொடைத் தசைகள் பிரேக் போல் பிடிக்கின்றன. கார் பிரேக் சூடாவது மாதிரியே, தசைக்குள் அந்த ஆற்றலும் வெப்பமாகிறது. அடிவாரத்துக்கு வந்து சேரும்போது, ஏறச் செலவிட்ட 30 கலோரியும், ஒரு துளி மிச்சமில்லாமல், வெப்பம்தான்.

சமதளத்தில் நடந்தாலும், தித்திவங்சா ஏரிக்கரையை ஓடிச் சுற்றினாலும் இதே கதை. புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்து நிற்கிறவர் செலவிட்ட ஆற்றல் முழுதும் வெப்பமாகக் காற்றில் கலந்துவிட்டது. "கொழுப்பு சக்தியாக மாறியது" என்ற பதிலில் உள்ள பாதி உண்மை இதுதான்.

வியர்வை செய்வதும் செய்யாததும்

அந்த வெப்பம் உடலுக்குள்ளேயே தங்கினால் என்ன ஆகும்? 70 கிலோ உடலை ஒரு டிகிரி சூடாக்கக் கிட்டத்தட்ட 58 கலோரி போதும். ஒரு மணி நேரத்தில் 600 கலோரி செலவிட்டு ஓடுகிறவரின் வெப்பம் வெளியேறாவிட்டால் அவர் உடல் 10 டிகிரி ஏறிவிடும். உயிர் தங்காது. அதனால்தான் வியர்வை.

வியர்வை வெப்பத்தைச் சுமந்துகொண்டு சொட்டுவதில்லை. தோலின் மேல் ஆவியாகும்போதுதான் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. ஒரு லிட்டர் வியர்வை முழுதும் ஆவியானால் சுமார் 580 கலோரி வெப்பம் போகும். தரையில் சொட்டினாலோ, துண்டால் துடைத்தாலோ, அந்தத் துளி ஏறக்குறைய வீண்.

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் காற்றில் ஈரம் அதிகம். அந்தக் காற்று மேலும் நீராவியை எளிதில் வாங்காது. அதனால் இங்கே ஓடுகிறவர்கள் சட்டை பிழியும்படி நனைகிறார்கள், ஆனால் உடல் அதற்கேற்பக் குளிர்வதில்லை. "இன்றைக்கு நல்லா வியர்த்தது, நிறைய எரிந்திருக்கும்" என்பது இங்கேதான் மிக எளிதாகத் தோன்றும், இங்கேதான் மிகத் தவறு. நிறைய வியர்த்ததற்குப் பாதிக் காரணம் வானிலை.

இதைப் பயன்படுத்தி விற்கப்படும் பிளாஸ்டிக் வியர்வைச் சட்டைகள், வயிற்றைச் சுற்றும் பட்டைகள் எல்லாம் செய்வது ஒன்றுதான்: ஆவியாவதைத் தடுப்பது. கொழுப்பு ஒரு கிராம்கூட அதிகம் எரியாது. எடைக்கருவியில் ஒரு கிலோ குறைந்து தெரியும், இரண்டு பாட்டில் தண்ணீர் குடித்ததும் திரும்பி வரும். நம் வெயிலில் அப்படி உடலை மூடிக்கொண்டு ஓடுவது வெப்பத் தாக்குதலை வலிய அழைப்பது. இதைச் செய்யவே வேண்டாம்.

இரண்டாம் கணக்கு: பொருள்

வெப்பத்துக்கு எடை கிடையாது. துல்லியமாகச் சொல்ல வேண்டுமென்றால், ஐன்ஸ்டைனின் சமன்பாட்டின்படி ஒரு கிலோ உடல் கொழுப்பு தரும் 7,700 கலோரியின் எடை ஒரு மைக்ரோகிராமில் பாதிகூட இல்லை. எந்தத் தராசும் அதைக் காட்டாது. அப்படியானால், பத்து கிலோ இளைத்தவரின் அந்தப் பத்து கிலோ எங்கே?

2014 டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில், ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரூபன் மீர்மனும் ஆண்ட்ரூ பிரவுனும் இதே கேள்வியை எடுத்துக்கொண்டார்கள். மருத்துவர், சத்துணவு நிபுணர், உடற்பயிற்சிப் பயிற்றுநர் என 150 பேரைக் கேட்டதில், பாதிக்கு மேற்பட்டவர்கள் கொழுப்பு ஆற்றலாகவோ வெப்பமாகவோ மாறிவிடுகிறது என்றார்கள். படித்தவர்களே இரண்டு கணக்கையும் ஒன்றாகப் போட்டுவிடுகிறார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

சரியான கணக்கு இது. நம் உடலில் சேரும் வழக்கமான கொழுப்பு மூலக்கூறு ஒன்றில் 55 கரி அணு, 104 ஹைட்ரஜன் அணு, 6 உயிர்வளி அணு இருக்கும். எடையில் பார்த்தால் ஒரு கிலோ கொழுப்பில் முக்கால் கிலோவுக்குச் சற்று மேல் வெறும் கரி. அது முழுதாக எரிய 2.9 கிலோ உயிர்வளி வேண்டும். எரிந்தபின் கிடைப்பது 2.8 கிலோ கரிவளி, 1.1 கிலோ தண்ணீர். இரண்டு பக்கமும் 3.9 கிலோ, அணு ஒன்றும் தொலையவில்லை. அந்த ஒரு கிலோ கொழுப்பின் அணுக்களை மட்டும் பின்தொடர்ந்தால், 840 கிராம் கரிவளியாகவும் 160 கிராம் தண்ணீராகவும் வெளியேறுகிறது என்பது மீர்மன், பிரவுன் போட்ட கணக்கு.

கரிவளிக்கு வெளியே போக ஒரே பெரிய வாசல், நுரையீரல். தண்ணீர் சிறுநீராக, வியர்வையாக, மூச்சின் ஈரமாகப் போகும். ஆக, இளைத்தவர்களின் எடையில் பெரும்பங்கு மூக்கு வழியாகவும் வாய் வழியாகவும்தான் போயிருக்கிறது. பத்துமலையின் உச்சியில் நின்று மூச்சு வாங்குகிறவர், அந்த ஏற்றத்துக்காக மட்டும் சுமார் 3 கிராம் கரியை ஊதித் தள்ளிக்கொண்டிருக்கிறார்.

காற்றுக்கு எடை உண்டு என்பதை மனம் எளிதில் ஏற்காது. எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தால் ஒருவேளை சுலபமாக இருக்கும். கெடா வயல்களில் விளையும் நெல்லில் உள்ள கரி எங்கிருந்து வந்தது? மண்ணிலிருந்து அல்ல. காற்றிலிருந்த கரிவளியை இலை உறிஞ்சி, வெயிலின் ஆற்றலைச் சேர்த்துச் செய்ததுதான் அரிசி. அந்தச் சோற்றைத் தின்று நடக்கிறவர் கரியைக் காற்றுக்கே திருப்பித் தருகிறார், வெயிலின் ஆற்றலை வெப்பமாகத் திருப்பித் தருகிறார். நாம் விடும் மூச்சு பூமியைச் சூடாக்குவதில்லை என்பதற்கும் இதுவே காரணம். அண்மையில் காற்றிலிருந்து வந்த கரி அது, நிலத்தடியில் கோடிக்கணக்கான ஆண்டு கிடந்த எண்ணெயின் கரி அல்ல.

இந்த இடத்தில் இரண்டு கேள்விகள் எழும்.

வெறுமனே வேகமாக மூச்சு விட்டால் இளைக்குமா? இளைக்காது. கரிவளியை உண்டாக்குவது தசைக்குள் உள்ள அடுப்பு. மூச்சு அதை அள்ளி வெளியே கொட்டும் வேலையைத்தான் செய்கிறது. அடுப்பு எரியாமல் மூச்சை மட்டும் வேகப்படுத்தினால், இரத்தத்தில் இருக்க வேண்டிய கரிவளி குறைந்து தலை சுற்றும், விரல் மரத்துப்போகும்.

உணவைக் குறைத்த முதல் வாரத்திலேயே இரண்டு கிலோ குறைகிறதே, அது கொழுப்பா? பெரும்பாலும் இல்லை. கிளைக்கோஜன் தன் எடையைப்போல் மூன்று மடங்கு தண்ணீரைக் கூடவே பிடித்து வைத்திருக்கும். அரைக் கிலோ கிளைக்கோஜன் தீர்ந்தால் ஒன்றரைக் கிலோ தண்ணீரும் சேர்ந்து போகும். அதற்கடுத்த வாரங்களில் எடை மெதுவாகக் குறைவதைப் பார்த்துப் பலர் மனம் தளர்ந்து விட்டுவிடுகிறார்கள். உண்மையில் கொழுப்பு போகத் தொடங்குவது அந்த மெதுவான வாரங்களில்தான்.

கடிகாரம் காட்டும் எண்ணை எப்படிப் படிப்பது

1. அது பெரும்பாலும் மொத்தக் கணக்கு. உடல் சும்மா உட்கார்ந்திருந்தாலும் கிலோவுக்கு மணிக்கு ஏறக்குறைய ஒரு கலோரி செலவாகும். 70 கிலோ ஆள் ஒரு மணி நேரம் மிதமாக நடந்தால் சுமார் 245 கலோரி. ஜிம்மில் உள்ள இயந்திரம் பெரும்பாலும் இந்த மொத்தத்தைக் காட்டும். வீட்டில் உட்கார்ந்திருந்தாலும் செலவாகியிருக்கும் 70 கலோரியைக் கழித்தால், நடையால் கூடியது 175 மட்டும்.

2. கடிகாரம் கலோரியை அளப்பதில்லை. இதயத் துடிப்பு, அசைவு, நீங்கள் பதிந்து வைத்த வயது, எடை இவற்றை வைத்து ஊகிக்கிறது. உண்மையாக அளக்க வேண்டுமானால் மூச்சை அளக்க வேண்டும். உள்ளிழுத்ததில் உடல் பயன்படுத்திக்கொள்ளும் உயிர்வளி ஒரு லிட்டருக்குச் சுமார் 5 கலோரி என்பது ஆய்வுக்கூடங்கள் நம்பும் கணக்கு.

3. வயிற்றுப் பயிற்சி செய்தால் வயிற்றுக் கொழுப்பு மட்டும் கரையும் என்பதில்லை. மேலே சொன்ன பாதையைப் பார்த்தாலே தெரியும். கொழுப்பு இரத்தத்தில் ஏறித்தான் தசைக்குப் போகிறது. எந்தக் கொழுப்பறை அதிகம் தரும் என்பதை ஹார்மோன்கள் முடிவு செய்கின்றன, பக்கத்தில் அசையும் தசை அல்ல.

இனி மாமாக் கடைக்குப் போவோம். ஒரு ரொட்டி சானாய் ஏறக்குறைய 300 கலோரி. பத்துமலையைப் பத்துமுறை ஏற வேண்டும். தே தாரேக்கில் இரண்டு மேசைக்கரண்டி இனிப்புப் பால் ஊற்றினால் பால் மட்டுமே 130 கலோரியை ஒட்டி வரும். நான்கு ஏற்றம். பினாங்குத் தாவரப் பூங்கா அடிவாரத்திலிருந்து பினாங்குக் கொடிமலை உச்சிக்கு நடந்தே ஏறினால், சுமார் 700 மீட்டர் ஏற்றம், 450 கலோரிக்கு மேல் செலவாகும். அது உண்மையில் பெரிய உழைப்பு. ஆனால் மேலே போய் ஒரு தட்டு நாசி லெமாக்கும் இனிப்பு பானமும் சாப்பிட்டால் கணக்கு சமமாகிவிடும். வாயில் போடுவது பத்து நிமிட வேலை, வெப்பமாக்கி வெளியேற்றுவது ஒரு பிற்பகல் வேலை.

இதற்கு மேலும் ஒரு சிக்கலை அண்மைக்கால ஆய்வுகள் காட்டுகின்றன. டான்சானியாவின் ஹட்சா மக்கள் இன்றும் வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் வாழ்கிறவர்கள். அவர்கள் ஒரு நாளில் செலவிடும் மொத்த ஆற்றலை ஹெர்மன் பான்ட்சர் குழுவினர் அளந்து 2012இல் வெளியிட்டார்கள். உடல் அளவை ஈடுகட்டிப் பார்த்தபோது, அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை செய்யும் மேலைநாட்டவரின் செலவிலிருந்து அது பெரிதாக வேறுபடவில்லை. அளந்த முறையும் நம் இரண்டாம் கணக்கைச் சேர்ந்ததே. கன வகை ஹைட்ரஜனும் கன வகை உயிர்வளியும் கலந்த தண்ணீரைக் குடிக்கக் கொடுப்பார்கள். ஹைட்ரஜன் தண்ணீராக மட்டும் வெளியேறும், உயிர்வளி தண்ணீராகவும் கரிவளியாகவும் வெளியேறும். சில நாள் சிறுநீரைச் சோதித்து இரண்டும் குறையும் வேகத்தின் வித்தியாசத்தைப் பார்த்தால், எவ்வளவு கரிவளி போனது, ஆக எவ்வளவு கலோரி செலவானது என்று தெரிந்துவிடும்.

பான்ட்சர் இதற்குத் தரும் விளக்கம்: தொடர்ந்து அதிகம் உழைக்கும் உடல் வேறு இடங்களில் சிக்கனம் பிடிக்கிறது. எவ்வளவு சிக்கனம், யாருக்கு எவ்வளவு என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் வாதம் உண்டு. ஆனால் நடைமுறையில் ஒன்று தெளிவு. கடிகாரம் காட்டும் எண்ணை மாதக் கணக்கில் கூட்டி, அதை 7,700ஆல் வகுத்து, அத்தனை கிலோ குறையும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். எடையைக் குறைக்கும் வேலையில் பெரும்பங்கு தட்டில்தான் இருக்கிறது.

அப்படியானால் எதற்கு உடற்பயிற்சி?

மலேசியச் சுகாதார அமைச்சின் தேசிய ஆய்வில், எடை மிகுந்த அல்லது உடல் பருத்த பெரியவர்களின் விழுக்காடு 2019இல் 50.1, 2023இல் 54.4. இனிப்பு நீர் நோய் நம் இந்தியச் சமூகத்தில் மற்ற பெரிய இனங்களைவிட அதிகம் என்பதும் இந்த ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வரும் செய்தி. அதனால் 'முப்பது கலோரிதானே, எதற்கு ஏற வேண்டும்' என்று யாராவது இந்தக் கட்டுரையிலிருந்து முடிவெடுத்தால் அது பெரிய தவறு. எடைக்கருவியில் தெரியாத ஒரு வேலையைத் தசை செய்கிறது.

சாப்பிட்டபின் இரத்தத்தில் ஏறும் சர்க்கரையைத் தசைக்குள் அனுப்ப, வழக்கமாக இன்சுலின் வந்து கதவைத் தட்ட வேண்டும். இனிப்பு நீர் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு அந்தத் தட்டல் சரியாகக் கேட்பதில்லை. ஆனால் தசை சுருங்கி விரியும்போது, இன்சுலின் இல்லாமலே அதே கதவு திறக்கிறது. கதவின் பெயர் குளுட்-4, தசை அறையின் மேல்பரப்புக்கு நகர்ந்து வரும் ஒரு புரதம். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் வீட்டைச் சுற்றி 15 நிமிடம் நடந்தால் செலவாவது 50, 60 கலோரிதான். ஆனால் இரத்தத்தில் ஏறிக்கொண்டிருந்த சர்க்கரையில் ஒரு பங்கு அந்தக் கதவு வழியே போய், அப்போதே கரிவளியாகி வெளியே வந்துகொண்டிருக்கும். நடை நின்ற பிறகும் பல மணி நேரத்துக்கு, அதே அளவு இன்சுலின் முன்பைவிட அதிகச் சர்க்கரையைத் தசைக்குள் அனுப்புகிறது. இன்சுலின் ஊசியோ சர்க்கரையைக் குறைக்கும் சில மாத்திரைகளோ எடுப்பவர்களுக்கு இதனாலேயே சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடவும் கூடும். புதிதாக நடையைத் தொடங்கும் முன் மருத்துவரிடம் பேசி, மருந்தின் அளவையும் நேரத்தையும் கேட்டுக்கொள்வது அவசியம்.